ஆர்கன், பாடற்குழு, இசையமைப்பு: மூன்றும் ஒரே ஆளின் தலையில். இதை வாழ்க்கைத் தொழிலாக எடுக்கலாமா?

புதுவிசை:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக நான் மாற்று ஆள். ஆர்கனிஸ்டுக்குக் காய்ச்சல், பயணம், வீட்டில் விசேஷம் என்றால் எனக்கு அழைப்பு வரும். போய் வாசித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது முதன்முறையாக ஒரு நிரந்தர வேலை தேடி வந்திருக்கிறது. பணிக்கடிதத்தில் மூன்று வரிகள்: ஆராதனைகளுக்கு ஆர்கன் வாசிப்பது, பாடற்குழுவை நடத்துவது, "தேவைக்கேற்ப இசையமைப்பது". பகலில் அந்தக் கடைசி வரியைப் படித்து மனம் துள்ளியது. இரவில் தூக்கம் கலைந்தபோது அதே வரிதான் பயமுறுத்தியது.

இசையமைக்க வேண்டும் என்பதுதான் என் நெடுநாள் ஆசை. மற்ற இரண்டும் அதற்கான படிக்கட்டு என்று நினைத்திருந்தேன். குழுவில் பதினோரு பேர். ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) மட்டும் ஐந்து, டெனர் (ஆண்களின் மேல்குரல்) ஒரே ஒருவர். இந்த வேலைக்குள் போனால் எழுதுவேனா, இல்லை, எழுதுவதே நின்றுவிடுமா? அனுபவப்பட்டவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மாடத்திலிருந்து:
வாழ்த்துகள், தம்பியோ தங்கையோ! 31 ஆண்டுகளாக ஆர்கன் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "படிக்கட்டு" என்ற சொல்லை மட்டும் பணிக்குழுவுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

எதிர்ச்சுரம்:
நான் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன். ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: போகாதீர்கள். அல்லது அந்த மூன்றாவது வரியை அடித்துவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது வெளியில் இருப்பவர்களின் நம்பிக்கை. உள்ளே இருப்பவனுக்கு அது மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். பாட்டு எண்களைக் குருவானவரிடமிருந்து வாங்க ஒரு நாள், பிரதி எடுக்க ஒரு நாள், ஒத்திகை ஒரு மாலை, நடுவே ஒரு திருமணம், ஓர் அடக்க ஆராதனை. எழுத உட்கார்ந்தால் காதில் அடுத்த ஞாயிற்றின் பாட்டுதான் ஓடும். நான் அங்கே எழுதியவற்றில் முக்கால்வாசி இரண்டு நிமிடத்துக்குட்பட்டவை. ஏனென்றால் காணிக்கை எடுக்க அவ்வளவு நேரம்தான் ஆகும்!

ஏட்டுப்புழு:
எதிர்ச்சுரம் சொல்லும் மனத்தாங்கல் 300 ஆண்டுப் பழையது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1703இல், 18 வயதில், ஆர்ன்ஷ்டாட்டின் புதிய ஆலயத்தில் ஆர்கனிஸ்டானார். புதிதாகக் கட்டிய ஆர்கனைச் சோதித்துச் சொல்ல அழைத்தார்கள். வாசித்துக் காட்டியவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் தகராறு. 1705இல் நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த லூபெக்கிற்கு, அங்கே ஆர்கனிஸ்டாக இருந்த புக்ஸ்டஹூடாவைக் கேட்கப் போனார். திரும்பியது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து.

1706 பிப்ரவரியில் சபை மேலிடம் விசாரித்தது. பாட்டுக்கு நடுவே விநோதமான மாற்றங்களும் அந்நிய சுரங்களும் கலந்து சபையாரைக் குழப்புகிறார் என்பது ஒரு குற்றச்சாட்டு. மிக நீளமாக வாசித்தார், கண்டித்ததும் வேண்டுமென்றே மிகக் குட்டையாக வாசித்தார் என்பது இன்னொன்று. மாணவர் குழுவோடு சேர்ந்து இசை நடத்த மறுக்கிறார் என்பது மூன்றாவது. நம் புதுவிசையின் பணிக்கடிதத்தில் இருக்கும் மூன்று வரிகளும் அந்த விசாரணைக்குள் இருக்கின்றன, பாருங்கள். அதே விசாரணையில் குழுவின் மாணவத் தலைவனும் திட்டு வாங்கினான். பிரசங்க நேரத்தில் ஒயின் விற்கும் இடத்துக்கு எழுந்து போய்விட்டானாம்.

மாடத்திலிருந்து:
அந்த மாணவத் தலைவன் இன்னும் சாகவில்லை. என் பேஸ் வரிசையில், அதாவது ஆண்களின் கீழ்க்குரலில், இருக்கிறான்.

எதிர்ச்சுரம்:
ஏட்டுப்புழு, பாக் பெயரைச் சொன்னால் எல்லா வாதமும் முடிந்துவிடுமா? அவர் விதிவிலக்கு. லைப்சிக்கில் வாரம் ஒரு கான்டாட்டா (பல பகுதிகள் கொண்ட ஆராதனைப் பாடல்) எழுதி, ஆர்கனும் வாசித்து, பையன்களுக்கும் பாடம் நடத்தியவரை நாம் அளவுகோலாக வைத்தால் எல்லோரும் தோற்போம்.

ஏட்டுப்புழு:
ஒரு திருத்தம். லைப்சிக்கில் பாக் ஆர்கனிஸ்ட் அல்லர். 1723 முதல் 1750இல் இறக்கும்வரை அங்கே அவர் தாமஸ் பள்ளியின் கேன்டர், அதாவது இசை ஆசிரியரும் பாடற்குழுத் தலைவரும். ஆலயங்களின் ஆர்கனிஸ்டுகள் வேறு ஆட்கள். ஆர்கன் வாசிப்பது அவருடைய வேலைக்கணக்கில் இருந்தது ஆர்ன்ஷ்டாட், மூல்ஹவுசன், வைமார் காலங்களில். மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் சமமாகச் சுமந்தார் என்பது பிற்காலம் ஏற்றிவிட்ட படம்.

இன்னொன்று. 1730இல் அவர் நகரமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பாடகர்கள் வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது என்கிறார். கையிலிருக்கும் மாணவர்களை எண்ணி முடிவில் கணக்கும் போடுகிறார்: பயன்படக்கூடியவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, எதற்கும் ஆகாதவர்கள் 17. அந்தக் கடைசி 17 பேரின் பெயர்களையும் எழுதி வைத்தார்.

இரண்டாம்ஆல்டோ:
17 பேரின் பெயரையும் எழுதினாரா! எங்கள் நடத்துனர் முறைக்க மட்டும்தான் செய்வார்.

நான் ஆர்கன் வாசிப்பவள் அல்ல. இருபது ஆண்டுகளாக இரண்டாம் ஆல்டோவில் நிற்பவள். பாடுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? எங்களுக்கு இரண்டு நடத்துனர்கள் எழுதிப் பாடியிருக்கிறோம். முதலாமவர் நல்ல படிப்பாளி. அவர் எழுதிய பாட்டில் எங்கள் வரிசைக்குப் பதினாறு பார்கள் (தாளக் கட்டங்கள்) ஒரே சுரம், மேலே சோப்ரானோ பறந்துகொண்டிருக்கும். ஒத்திகையில் நாங்கள் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவோம். இரண்டாமவர் வந்த முதல் மாதம் ஒன்றுமே எழுதவில்லை. ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொருவராக ஆர்கன் பக்கம் கூப்பிட்டு, எங்கே குரல் தளர்கிறது, எங்கே மலர்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எழுதிய முதல் பாட்டில் இரண்டாம் ஆல்டோவுக்கு ஒரு வரி தனியாகத் தந்திருந்தார். கீழ் ஏ சுரத்தில் தொடங்கும். அது எங்களால் மட்டும் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாடத்திலிருந்து:
அம்மா சொன்னதுதான் முழு விஷயமும். நான் சொல்ல வந்ததற்கு ஒரு சாட்சி மட்டும் சேர்க்கிறேன்.

1830களில் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட் பேராலயத்தில் ஆர்கனிஸ்ட். ஓர் ஈஸ்டர் நாளில் குழுவில் இருந்தது சிறுவர்களும் ஒரே ஒரு பேஸ் குரலும். அந்த ஒருவரும் பேராலயத் தலைமைக் குருவான டீனின் வீட்டுப் பணியாளர் என்று சொல்வார்கள். வெஸ்லி அந்த ஆட்களுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். பாட்டின் நடுப்பகுதியை இன்று கேட்டாலும் தெரியும்: ஒரு சிறுவன் தனியாகப் பாடுகிறான், மற்றச் சிறுவர்கள் பதில் சொல்கிறார்கள். நான்கு குரல் கனத்தை அங்கே எதிர்பார்க்கவே தோன்றாது. ஆள் பற்றாக்குறைதான் அந்த வடிவத்தைக் கொடுத்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக, முழுக் குழு வைத்திருக்கும் பேராலயங்களும் அதைப் பாடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே புதுவிசை, ஐந்து ஆல்டோவைக் குறையாகச் சொல்லாதீர்கள். ஐந்து ஆல்டோ இருந்தால் அதை இரண்டாகப் பிரித்து எழுதலாம். அந்த வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

எதிர்ச்சுரம்:
அழகான கதை. அதே வெஸ்லி 1849இல் பேராலய இசையின் அவல நிலையைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். ஹெரிஃபர்ட், எக்சிட்டர், லீட்ஸ், வின்செஸ்டர், கிளாஸ்டர் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டு நன்றாக அமைந்தது என்பதற்காக அவர் வயிறெரிந்ததை மறைக்கக் கூடாது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயையும் பாருங்கள். பாரிசின் மாடலேன் ஆலயத்தில் பாடற்குழுத் தலைவர். 1888இல் தன்னுடைய ரெக்வியத்தை (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) அங்கே ஓர் அடக்க ஆராதனையில் முதன்முதலாகப் பாட வைத்தார். முடிந்ததும் ஆலயத் தலைமைக் குரு கூப்பிட்டு, இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றதும், நம்மிடம் இருக்கிற பாட்டுகளே போதும், இந்தப் புதுமையெல்லாம் வேண்டாம் என்றாராம். உலகமே இன்று பாடுகிற இசைக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அது!

ஏட்டுப்புழு:
ஆனால் ஃபோரே வேலையை விட்டுவிடவில்லையே. 1896இல் அதே ஆலயத்தில் தலைமை ஆர்கனிஸ்டாகவும் ஆனார். இந்தத் தொழிலில் ஆட்கள் வியப்பூட்டும் அளவுக்கு நீண்ட காலம் ஒட்டிக்கொள்கிறார்கள். விதோர் 1870இல் பாரிஸ் செயின்ட் சுல்பீஸில் ஓராண்டுத் தற்காலிகப் பணியாகச் சேர்ந்தார். 1933 முடிவுவரை அங்கேயே இருந்தார். நிரந்தர நியமனக் கடிதம் கடைசிவரை வரவில்லை. மெஸ்ஸியான் திரினித்தே ஆலயத்தில் 1931இல், 22 வயதில் உட்கார்ந்தவர். 1992இல் இறக்கும்வரை அது அவருடைய ஆர்கன். சுவீடனில் எல்ஃப்ரீடா ஆந்த்ரே 1867இல் கோத்தன்பர்க் பேராலய ஆர்கனிஸ்டாகி 1929இல் இறக்கும்வரை இருந்தார். அதற்கு முன்னால் பெண்கள் அந்தப் பணிக்கு வரவே சட்டம் இடம் தரவில்லை. அவரும் அவருடைய தந்தையும் போராடி 1861இல் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். சிம்பொனியும் எழுதினார்.

துருத்திக்காரர்:
எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆர்கனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் ஆர்கன் பழுது பார்க்கிறவன். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு மணி நேரம் அந்த ஆர்கனோடு தனியாக இருங்கள், தங்கையோ தம்பியோ. விசைகளை ஒவ்வொன்றாக, ஸ்டாப்புகளை (குழாய் வரிசைகளைத் திறந்து மூடும் குமிழ்கள்) ஒவ்வொன்றாக. காலால் வாசிக்கும் பெடலில் கீழ்ப்பகுதி முழுக்க ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு குழு நிற்கும் இடத்துக்கும் ஆர்கனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். குழு 34 மீட்டர் தள்ளி நின்றால், நீங்கள் வாசிப்பது அவர்களுக்குப் பத்தில் ஒரு நொடி கழித்துக் கேட்கும். அதைக் கேட்டு அவர்கள் பாடுவது உங்களுக்குத் திரும்ப வர இன்னொரு பத்தில் ஒரு பங்கு. அவர்களைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் பாட்டு ஒவ்வொரு வரிக்கும் தளர்ந்துகொண்டே போகும். காதை அடக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். ஆர்கனுக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்க்க, ஒரு கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வெயில் நாளில் இன்னொரு வேடிக்கை. காற்று சூடானால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறும், நாக்கு வைத்த குழாய்கள் அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் பல் கூசும். அதற்கு ஆர்கனிஸ்டைத் திட்டுவார்கள்.

புதுவிசை:
தங்கைதான் ஐயா. கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதில் பிரசங்க மேடை மட்டுமே தெரிகிறது.

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம்: வாசித்துக்கொண்டே எப்படி நடத்துவது? மாற்று ஆளாக இருந்தவரை, நடத்த வேறு ஒருவர் நிற்பார்.

மாடத்திலிருந்து:
இதை எந்தப் புத்தகத்திலும் கற்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, மூச்சு. ஒரு சரணத்தின் கடைசிச் சுரத்தை எத்தனை எண்ணிக்கை பிடிக்கிறீர்கள், அதற்குப் பிறகு எத்தனை எண்ணிக்கை மௌனம் என்பது பாட்டின் முதல் சரணத்தில் தீர்மானமாகிவிட வேண்டும். நான் மூன்று பிடித்து ஒன்று விடுவேன். அடுத்த சரணத்தில் அதை மாற்றவே மாட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சபையே என்னோடு சேர்ந்து மூச்சு இழுக்கும். முதுகுப்பக்கமாகவே அது கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் நீங்கள் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டாவது, இடது கை. வலது கையில் மேல் மூன்று குரல், காலில் பேஸ் என்று பழகிவிட்டால் இடது கை விடுதலையாகும். குழுப் பாட்டில் கடினமான நுழைவு வரும் இரண்டு பார்களுக்கு மட்டும் அந்தக் கையைத் தூக்குங்கள். எந்நேரமும் ஆட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவது, தலை. என் தலையசைப்பு எப்படி இருக்கிறது என்று ஒருநாள் குழுவிடம் கேட்டேன். கோழி கொத்துவதுபோல் என்றார்கள். இருந்தாலும் புரிகிறது என்றார்கள்.

இரண்டாம்ஆல்டோ:
நுழைவுக்கு முன்னால் நீங்களும் வாயைத் திறந்து மூச்சு இழுங்கள், தங்கையே. தலையைவிட அதைத்தான் நாங்கள் பார்ப்போம். இன்னொன்று, ஒத்திகையைச் சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். அதற்காகவே அடுத்த வாரம் வருவோம்.

எதிர்ச்சுரம்:
சரி, போகத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. அப்படியென்றால் உருப்படியாக ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எழுதிய கீதம் ஒன்றை, நான் விலகிய பிறகு, ஆண்டுவிழா மலரில் அச்சிட்டார்கள். பெயர் இல்லை. கேட்டதற்கு, சம்பளம் கொடுத்தோமே என்றார்கள். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் வந்தது. கையெழுத்துப் போட்ட தாளைச் சரியாகப் படிக்காதது நான்தானே. பல நாடுகளின் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணி கொடுத்தவருக்கே சொந்தம். "தேவைக்கேற்ப இசையமைப்பது" என்று உங்கள் கடிதத்தில் பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி வாங்குங்கள்: பதிப்புரிமை எழுதியவருக்கு, ஆலயத்துக்கு ஆராதனையில் பாடும் உரிமை. கூடவே ஆண்டுக்கு எத்தனை பாட்டு என்ற எண்ணிக்கையும். திருமணம், அடக்கம் இவற்றுக்குத் தனி ஊதியமா என்பதையும் கேளுங்கள்.

ஏட்டுப்புழு:
கடைசி வரிக்கு ஒரு சாட்சி. 1730 அக்டோபரில் பாக் ஒரு பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம் வருமானம் ஏறத்தாழ 700 தாலர் (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) என்கிறார். வழக்கத்தைவிட அதிகம் பேர் இறந்தால் அது கூடும். காற்று ஆரோக்கியமாக இருந்தால் குறையும். முந்தைய ஆண்டு அடக்க ஆராதனைகள் குறைந்ததால் 100 தாலருக்கு மேல் நட்டம் என்று வருந்துகிறார்.

புக்ஸ்டஹூடாவின் பணி நிபந்தனை இன்னும் விசேஷம். 1668இல் லூபெக்கில் வேலை கிடைத்தபோது முன்னவருடைய மகளை மணந்தார். ஓய்வு நெருங்கியபோது தம் மகளை மணப்பவருக்கே வேலை என்றார். 1703இல் வந்து பார்த்த இளம் இசைக்கலைஞர்கள் ஹேண்டலும் மாத்தெசனும் திரும்பிப் போய்விட்டார்கள். இதில் இசை மட்டும் இல்லை, ஆலயத்தின் கணக்கு வழக்கும் அவர் பொறுப்புதான். நான்காவது வரி ஏதும் உங்கள் கடிதத்தில் பின்பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

மாடத்திலிருந்து:
எதிர்ச்சுரம் சொன்னதை அப்படியே செய்யுங்கள். எனக்கும் அவருக்கும் இந்த இழையில் ஒத்துப்போகும் முதல் இடம் இது.

எழுதும் நேரத்தைப் பற்றி ஒன்று. பாரிசின் செயின்ட் குளோத்தீல்ட் ஆலயத்தில் 1858 முதல் 1890இல் இறக்கும்வரை இருந்த இசையமைப்பாளர் சேசார் ஃபிராங்க், பகல் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்து அலைந்தவர். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தமக்கென்று எழுதுவார் என்று மாணவர்கள் பதிந்திருக்கிறார்கள். எனக்கு விடியற்காலை ஒத்துவரவில்லை. ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு அரை மணி நேரம், குரல்கள் காதில் இருக்கும்போதே எழுதுவேன். உங்களுக்கு எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

புதுவிசை (ஏழு வாரம் கழித்து):
சேர்ந்துவிட்டேன். பதிப்புரிமை வரி கிடைத்தது. எண்ணிக்கை: ஆண்டுக்கு நான்கு. திருமணத்துக்குத் தனி ஊதியம் உண்டு, அடக்கத்துக்கு இல்லை. கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். இப்போது குழுவும் தெரிகிறது, குருவானவரின் கைக்கடிகாரமும் தெரிகிறது.

இரண்டாம்ஆல்டோ அக்கா, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். டெனர்காரர் மேல் ஈ வரை அழகாகப் போகிறார். அதற்கு மேல் போனால் இருமல் வருகிறது. இருமலை அவரே முன்கூட்டி அறிவித்துவிட்டார். அதனால் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வரி, ஆல்டோவை இரண்டாகப் பிரித்து, மேலே சோப்ரானோ. 28 பார்கள். முதல் சரணம் எல்லோரும் ஒரே குரல். இரண்டாவதில் ஆல்டோ மட்டும், ஆர்கன் இல்லாமல். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் பேஸ்காரர்கள் தாளைத் தாழ்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சரணத்துக்கு நுழையவே மறந்துவிட்டார்கள். எதிர்ச்சுரம் ஐயா, மொத்தம் மூன்று நிமிடம் பத்து நொடி. காணிக்கைக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறை பாடப்போகிறோம். நேற்று இரவிலிருந்து ஆர்கனில் நடு ஜி, விசையிலிருந்து கையை எடுத்தாலும் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

மாடத்திலிருந்து:
ஜி மேஜரில் எழுதியிருக்கலாம்.

புதுவிசை:
பாட்டு ஈ பிளாட் மேஜரில் இருக்கிறது ஐயா.

மாடத்திலிருந்து:
பரவாயில்லை, முதல் கூட்டுச்சுரத்திலேயே ஜி இருக்கிறது.

எதிர்ச்சுரம்:
இரண்டாவது சரணம் ஆர்கன் இல்லாமல் என்றீர்களே. அங்கேயும் ஒலிக்குமே!

துருத்திக்காரர்:
எல்லோரும் கொஞ்சம் சும்மா இருங்கள். தங்கையே, ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடும்போது ஒலி நிற்கிறதோ அதன் பெயரை இங்கே எழுதுங்கள். ஒன்றை மட்டும் மூடி நின்றால் அந்தக் குழாயின் அடைப்பில் தூசி. அந்த ஸ்டாப்பைத் தொடாமல் ஞாயிற்றை ஓட்டிவிடலாம். எல்லாவற்றிலும் ஒலித்தால் கோளாறு விசைப்பக்கம். அப்படியென்றால் இன்றைக்கே ஆள் வர வேண்டும். குழாயை மட்டும் கையால் பிடுங்காதீர்கள்.